சோதனையே சாட்சியாகும்போது: போதைப்பொருள் வழக்குகளும் அரசியல் சாசனப் பாதுகாப்பும்

கொலை வழக்கில் சடலம் இருக்கிறது. இறந்தவருக்காகப் பேச உறவினர்கள் இருக்கிறார்கள். திருட்டு வழக்கில் பொருளைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கிறார். ஒருவர் போதைப்பொருள் வைத்திருந்தார் என்று தொடரப்படும் வழக்கில் அப்படி யாரும் இல்லை. தகவல் வந்ததாகப் பதிவு செய்பவர் காவலர். வழிமறித்துச் சோதனை போடுபவரும், கிடைத்ததை எடை பார்த்து மகசர் எழுதுபவரும் காவலர். நீதிமன்றத்தில் முக்கியச் சாட்சியாகக் கூண்டேறுபவரும் பெரும்பாலும் அவரே. சாலையோரத்தில் சில நிமிடங்களில் முடிந்துபோன ஒரு சோதனைதான் அந்த வழக்கின் முதலும் முடிவும்.

அந்தச் சோதனை சட்டப்படி நடக்கவில்லை என்றால் என்ன செய்வது? அதில் கிடைத்த பொருளை வைத்து ஒருவரைப் பத்தாண்டு சிறைக்கு அனுப்பலாமா? இந்திய உச்ச நீதிமன்றம் எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. அனுப்பலாம் என்றும், கூடாது என்றும், சில நேரங்களில் மட்டும் கூடாது என்றும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளின் போக்கை வரிசைப்படுத்தி, இன்று நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதைப்பொருள் சட்டம் மெய்ப்பிக்கும் சுமையின் பெரும்பகுதியைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏற்றிவிட்டது. அவருக்கு மிஞ்சியிருக்கும் கவசம் சோதனை விதிகள் மட்டுமே. அந்தக் கவசம் ஒரு சாதாரணச் சட்டத்தின் வாசகத்தை நம்பி நிற்கக் கூடாது. அரசியல் சாசனத்தின் 21-ஆம் உறுப்பின் மேல் நிற்க வேண்டும்.

சட்டத்தின் கடுமை

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், வழக்கறிஞர்களும் காவலர்களும் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் சட்டம், 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் செய்த திருத்தம் பொருளின் அளவை வைத்துத் தண்டனையைப் பிரித்தது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினில் அதே எல்லைகள் 5 கிராம், 250 கிராம். வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். அபராதம் 1 லட்சத்தில் தொடங்குகிறது.

ஆக, 20 கிலோ என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒருவரின் இளமை முழுவதும் அடங்கியிருக்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. அந்த நுனியோடு சேர்ந்திராத இலையும் விதையும் கணக்கில் வராது. மூட்டையை அப்படியே தராசில் வைத்தார்களா, பிரித்துப் பார்த்தார்களா என்பதே ஒருவரின் சிறைவாசத்தைப் பத்தாண்டுக்குக் கீழேயோ மேலேயோ கொண்டுபோகும்.

பிரிவு 54-இன்படி, பொருள் ஒருவரிடம் இருந்தது என்று காட்டிவிட்டால் அவர் குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பிரிவு 35 குற்ற மனநிலையையும் அனுமானிக்கச் சொல்கிறது. பிரிவு 37-இன்படி, வணிக அளவு வழக்கில் பிணை வேண்டுமென்றால் 'இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் உண்டு' என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும். வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்றும் தோன்ற வேண்டும்.

இத்தனை கடுமைக்கும் ஈடாகச் சட்டமே சில தடுப்புகளை வைத்தது. வீட்டிலோ வண்டியிலோ வாரண்ட் இல்லாமல் நுழையும் அதிகாரி, தனக்குக் கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் (பிரிவு 42). உடல் சோதனைக்கு முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ தன்னை அழைத்துப்போகச் சொல்லும் உரிமையை அந்த நபருக்கு அறிவிக்க வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும் (பிரிவு 50). கைது அல்லது கைப்பற்றல் குறித்து 48 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும் (பிரிவு 57). கைப்பற்றிய பொருளின் பட்டியலையும் மாதிரிகளையும் மாஜிஸ்திரேட் சான்றளிக்க வேண்டும் (பிரிவு 52-ஏ). இவற்றை மீறினால் வழக்கு என்ன ஆகும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் எல்லாத் தகராறும் தொடங்குகிறது.

அரசியல் சாசனத்தில் விடுபட்ட வரி

அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் 1791 முதல் நியாயமற்ற சோதனைக்கு எதிரான பாதுகாப்பை நேரடியாகச் சொல்கிறது. நம் சாசனத்தில் அப்படி ஒரு வரி இல்லை. அதைப் பற்றி யாரும் யோசிக்காமல் விடுபட்டுப் போனதல்ல அது. 1947-இல் அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவில் முன்வைக்கப்பட்ட வரைவுகளில் இந்தப் பாதுகாப்பு இருந்தது. குற்றப் புலனாய்வுக்கு இடையூறாகும் என்று பி.என். ராவும், சென்னையின் பெரும் சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஆட்சேபித்தார்கள். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரிமுதீன் இதையே திருத்தமாகக் கொண்டுவந்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இது உண்டு என்றாலும், சாசனத்தில் சேர்ப்பது பயனுள்ளது என்பதே அம்பேத்கரின் நிலைப்பாடு. ஆனாலும் கடைசியில் திருத்தம் தோற்றது.

இந்த வரலாற்றைத்தான் உச்ச நீதிமன்றம் 1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் பிடித்துக்கொண்டது. சாசனத்தை எழுதியவர்கள் வேண்டாம் என்று விட்டதை, வலிந்த விளக்கத்தால் உள்ளே கொண்டுவர முடியாது என்று எட்டு நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதன் மேல் எழுந்தது 1973-இன் பூரன்மல் தீர்ப்பு. வருமானவரிச் சோதனை பற்றிய அந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் வகுத்த விதி இது: சான்று வழக்கோடு பொருத்தமுடையதா என்பதே கேள்வி, வெளிப்படையான அல்லது உட்கிடையான தடை சட்டத்தில் இல்லாதவரை, சட்டவிரோதச் சோதனையில் கிடைத்தது என்பதற்காக அதைத் தள்ள முடியாது.

இந்த விதியின் பூர்வீகம் கவனிக்கத்தக்கது. அவசரநிலை அமலில் இருந்த காலனியக் கென்யாவில், உடல் சோதனையில் தோட்டா கிடைத்ததாகச் சொல்லி ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை 1955-இல் லண்டன் பிரிவி கவுன்சில் உறுதிசெய்தபோது சொன்னதுதான் இந்தப் பொருத்தக் கோட்பாடு. ஆளப்படுபவனுக்கு எதிராக ஆள்பவன் எடுத்த சான்று எப்படி வந்தால் என்ன என்று காலனிய நீதி கேட்டது. அதே கேள்வியைக் குடியரசின் நீதிமன்றமும் இரவல் வாங்கிக்கொண்டது.

பூரன்மல் நின்ற அடித்தளம் 2017 ஆகஸ்டில் சரிந்தது. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்க உரிமை 21-ஆம் உறுப்பின் உள்ளார்ந்த பகுதி என்றார்கள். அந்தரங்கத்துக்குச் சாசனப் பாதுகாப்பு இல்லை என்று சொன்ன அளவில் எம்.பி. சர்மா தீர்ப்பையும், காரக் சிங் தீர்ப்பையும் தள்ளிவைத்தார்கள். அரசு ஒருவரின் அந்தரங்கத்தில் நுழைய வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மீறாத அளவு இருக்க வேண்டும். உடலையும் பையையும் வீட்டையும் துழாவுவதைவிட நேரடியான நுழைவு வேறென்ன இருக்கிறது? ஆனாலும் பூரன்மல் இன்றுவரை பெயர் சொல்லி நீக்கப்படவில்லை. அடித்தளம் போன பிறகும் கட்டடம் நிற்பதாகவே கீழமை நீதிமன்றங்கள் அதை மேற்கோள் காட்டி வருகின்றன.

பிரிவு 50: உடலுக்கு உண்டு, பைக்கு இல்லை

சாசனத்தில் வரி இல்லாததால் வழக்கறிஞர்கள் பிரிவு 50-ஐப் பற்றிக்கொண்டார்கள். 1994-இல் பல்பீர் சிங் வழக்கில் அது கட்டாய விதி என்றது உச்ச நீதிமன்றம். அடுத்தடுத்த அமர்வுகள் முரண்பட்டதால், 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கூடினார்கள். தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் எழுதிய அந்தத் தீர்ப்பு இத்துறையின் நடுத்தூண். தண்டனை எவ்வளவு கடுமையோ, பாதுகாப்பு விதிகளையும் அவ்வளவு கவனமாகப் பின்பற்ற வேண்டும் என்றது அது. உரிமையை அறிவிக்காமல் நடந்த உடல் சோதனையில் கிடைத்த பொருளை மட்டுமே வைத்துத் தரப்பட்ட தண்டனை செல்லாது. பூரன்மல் தீர்ப்பை இங்கே துணைக்கு அழைக்க முடியாது என்றும் தெளிவாக்கியது. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் இன்னொரு ஐவர் அமர்வு இதை இறுக்கியது. ஏறக்குறையப் பின்பற்றினோம் என்ற சமாதானம் செல்லாது; உரிமையைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது.

இந்த உரிமை எதற்காக? சோதனை செய்யும் காவலருக்கு வெளியே, வழக்கோடு தொடர்பில்லாத ஒரு கண் அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. சட்டைப்பையில் பொட்டலத்தை வைத்துவிட்டு அதையே எடுத்துக் காட்ட முடியாது என்ற உறுதிக்காக. 'கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்' என்ற மிரட்டலைத் தமிழ்நாட்டில் கேட்டிராதவர் குறைவு. சட்டம் கட்டாயப்படுத்திய அந்த வெளிக்கண், இந்த மிரட்டலின் பல்லைப் பிடுங்குவதற்கு ஏற்பட்டது.

ஆனால் உரிமைக்கு எல்லை கட்டப்பட்டது. 2005-இல் பவன் குமார் வழக்கில் மூவர் அமர்வு, 'நபர்' என்றால் உடலும் உடுத்திய துணியும் மட்டுமே; கையில் இருக்கும் பை அதில் சேராது என்றது. பையோடு சேர்த்து உடலையும் சோதித்தால் பிரிவு 50 பொருந்தும் என்று 2014-இல் பர்மானந்த் வழக்கு சொன்னது. பலருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு கொடுப்பதும், 'நானே சோதிக்கட்டுமா' என்று காவலர் மூன்றாவதாக ஒரு வழி காட்டுவதும் செல்லாது என்றும் அதே தீர்ப்பு கூறியது. 2019-இல் பல்ஜிந்தர் சிங் வழக்கோ, உடல் சோதனையில் விதி மீறப்பட்டாலும் வண்டியில் கிடைத்த பொருளை அது பாதிக்காது என்றது. 2023-இல் ரஞ்சன் குமார் சத்தா வழக்கும் பை பிரிவு 50-க்கு வெளியே என்றே முடித்தது.

விளைவு விபரீதமானது. சட்டைப்பையில் 6 கிராம் ஹெராயின் இருந்ததாகச் சொல்லப்படுபவருக்கு அரசியல் சாசன அமர்வின் பாதுகாப்பு முழுமையாக உண்டு. தோளில் தொங்கிய பையில் 25 கிலோ கஞ்சா இருந்ததாகச் சொல்லப்பட்டு, இருபதாண்டுச் சிறையை எதிர்நோக்கி நிற்பவருக்கு அது இல்லை. பொட்டலத்தைச் செருகுவதற்குச் சட்டைப்பையைவிடத் தோள்பை எளிதான இடம். ஆபத்து கூடும் இடத்தில் பாதுகாப்பு குறைகிறது. ஒரு சொல்லின் அகராதிப் பொருளில் உரிமையைக் கட்டிவைத்ததால் வந்த கோணல் இது. அந்தரங்கத்தில் தொடங்கியிருந்தால், பையும் உடலும் வேறு வேறு என்ற பேச்சே எழுந்திருக்காது.

வீடு, வண்டி, தெரு

பிரிவு 42-இலும் இதே இழுபறி. தகவலை எழுத்தில் பதிவது சின்ன வேலையாகத் தோன்றும். அதன் பயன் பெரியது. சோதனைக்கு முன்பே எழுதப்பட்ட தகவல், பிறகு வந்து சேரும் கதையைக் கட்டிப்போடுகிறது. எதைத் தேடி, யாரைத் தேடி, ஏன் போனார்கள் என்பதைப் பொருள் கிடைத்த பிறகு மாற்றி எழுத முடியாது. 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் ஐவர் அமர்வு நடுவழி ஒன்றைக் கண்டது: அவசர நிலையில் தாமதமாகப் பதிந்தால் ஏற்கலாம், அடியோடு பதியாமல் விட்டால் ஏற்க முடியாது. 2021-இல் பூட்டா சிங் வழக்கில், பொதுச்சாலையில் நின்றாலும் தனியார் வண்டி 'பொது இடம்' ஆகிவிடாது; பிரிவு 42-ஐ முற்றிலும் கைவிட்டது தவறு என்று கூறி நீதிமன்றம் விடுதலை செய்தது. பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்குப் பிரிவு 43 பொருந்தும். அங்கே தகவலை முன்கூட்டியே பதியும் கட்டாயம் இல்லை. அதனால் எந்த வழக்கிலும் முதல் சண்டை இடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

கைப்பற்றிய பிறகு பொருளுக்கு என்ன ஆயிற்று?

சோதனை ஒழுங்காக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆய்வகத்துக்குப் போனது அதே பொருள்தானா? 2016-இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் போதைப்பொருள் கிடங்குகளின் நிலையைப் பார்த்துக் கவலை தெரிவித்தது. கைப்பற்றிய இடத்திலேயே அதிகாரி தானாக மாதிரி எடுப்பது சட்டம் சொல்லும் முறையல்ல; மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும் என்று தெளிவாக்கியது. 2022 டிசம்பரில் மத்திய அரசு இதற்கெனத் தனி விதிகளையும் வெளியிட்டது.

இந்த விதிகள் எதற்கென்று சென்னையில் 2023-இல் முடிந்த ஒரு வழக்கு காட்டுகிறது. 22 கிலோ கஞ்சா கைப்பற்றியதாக வழக்கு. மாதிரி போக மீதியை எலிகள் தின்றுவிட்டன என்று காவல்துறை சொன்னது. பொருளைக் காட்ட முடியாததால் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் விடுதலையானார்கள். அவர்கள் குற்றவாளிகள் என்றால் சமூகம் தோற்றது. நிரபராதிகள் என்றால் அவர்கள் சிறையில் கழித்த நாட்கள் திரும்பாது. எப்படிப் பார்த்தாலும் விதியை மீறியதால் நட்டம், விதியால் நட்டமில்லை.

2023-இல் யூசுப் வழக்கு வந்தது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் சென்னை மண்டலம் தொடர்ந்த, 20 கிலோ ஹெராயின் பற்றிய வழக்கு அது. மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுக்கவில்லை என்ற காரணத்தால் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஓராண்டு கழித்துக் காற்று திசை மாறியது. 2024 டிசம்பரில் காஷிஃப் வழக்கில், பிரிவு 52-ஏ தவறை மட்டும் காட்டிப் பிணை கேட்க முடியாது என்றது நீதிமன்றம். 2025 ஜனவரியில் பாரத் அம்பாலே வழக்கில், விதிமீறல் தன்னளவில் வழக்கைக் கவிழ்த்துவிடாது; மற்றச் சான்றுகள் நம்பகமானவையா என்று பார்க்க வேண்டும் என்றது. இன்றைய நிலை இதுதான்: விதி இருக்கிறது, மீறினால் என்ன ஆகும் என்பது அமர்வைப் பொறுத்திருக்கிறது.

வாக்குமூலமும் கைபேசியும்

சாசன வாதம் நேராக வென்ற இடம் ஒன்று உண்டு. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு. நெடுங்காலமாக, பிரிவு 67-இன் கீழ் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் பதிந்த ஒப்புதல் வாக்குமூலமே பல தண்டனைகளுக்கு ஆதாரமாக இருந்தது. அவர்கள் 'காவல் அதிகாரிகள்' அல்லர்; எனவே காவலரிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்ற சான்றுச் சட்ட விதி அவர்களுக்குப் பொருந்தாது என்பது அரசின் வாதம். 2020 அக்டோபர் 29 அன்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் நீதிபதிகள் ரோகின்டன் நாரிமனும் நவீன் சின்காவும் அதை நிராகரித்தார்கள். நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு சான்றுச் சட்டத்தோடு நிற்காமல், சமத்துவத்தையும், தன்னையே காட்டிக்கொடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 20(3) உறுப்பையும், 21-ஆம் உறுப்பையும் சேர்த்து நிறுத்தியது. உரிமையை அடித்தளமாக வைத்து ஒரு சட்டத்தைப் படித்தால் எவ்வளவு தெளிவு வரும் என்பதற்கு இதுவே சான்று.

அடுத்த களம் கைபேசி. இன்று சந்தேகப்படும் ஒருவரின் பையைவிட அவரது வாட்ஸ்அப் உரையாடல்தான் முதலில் தேடப்படுகிறது. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு போதைப்பொருள் வழக்கில், அவசர நிலை தவிரக் கைபேசியைத் திறந்து பார்க்க வாரண்ட் வேண்டும் என்று வழிமுறைகள் வகுத்தது. கடவுச்சொல்லைக் கேட்பது மட்டும் 20(3)-ஐ மீறாது என்றும் சொன்னது. 2024-இல் பிராங்க் விட்டஸ் வழக்கில், பிணையில் போனவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடத்தில் காவலருக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தரங்கத்தை மீறுகிறது என்றது உச்ச நீதிமன்றம். புட்டசாமி தீர்ப்பு இந்தச் சட்டத்துக்குள் நுழைய ஆரம்பித்திருப்பதன் அடையாளங்கள் இவை.

காலம் என்னும் தண்டனை

சோதனையை எதிர்க்கும் வாதத்தை எப்போது கேட்பார்கள் என்பது மிக முக்கியம். ஆனால் அதிகம் பேசப்படாதது. அமெரிக்காவில் விசாரணை தொடங்கும் முன்பே, சான்றை விலக்கக் கோரும் மனுவின் மேல் தனி விசாரணை நடக்கிறது. காவலர் குறுக்கு விசாரணை செய்யப்படுகிறார். சோதனை செல்லாது என்றால் வழக்கே அங்கு முடியக்கூடும். நம் நாட்டில் அப்படி ஒரு கட்டம் இல்லை. பிணை மனுவில் எழுப்பினால் 'இது விசாரணையில் பார்க்க வேண்டிய விஷயம்' என்கிறார்கள். குற்றச்சாட்டு வனையும் கட்டத்திலும் அதே பதில். கடைசி வாதம்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பிரிவு 37 கதவை அடைத்திருக்கும்.

2023-இல் முகமது முஸ்லிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது ஏழு ஆண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவரை. பிரிவு 37-ஐ எழுத்துக்கு எழுத்து பிடித்தால் யாருக்கும் பிணையே கிடைக்காது; விசாரணை அளவுக்கு மீறித் தாமதமானால் 21-ஆம் உறுப்பு மேலோங்கும் என்று சொல்லிப் பிணை கொடுத்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒருவர் பல ஆண்டுகள் சிறையில் இருந்த பிறகு வரும் உரிமை, சோதனை நாளில் வர வேண்டிய உரிமைக்கு ஈடாகாது.

பிற நாடுகள் கண்ட வழிகள்

சட்டவிரோதமாகப் பெற்ற சான்றை ஒதுக்கும் விலக்கல் விதி என்றாலே அமெரிக்காதான் நினைவுக்கு வரும். 1914-இல் கூட்டாட்சி வழக்குகளுக்கும், 1961-இல் மேப் வழக்கின் மூலம் மாநிலங்களுக்கும் அது விதியானது. வீட்டுக்குள் கஞ்சா வளர்க்கிறார்களா என்று வெளியே நின்று வெப்பப் படக்கருவியால் பார்ப்பதும் சோதனையே என்று 2001-இல் கைலோ வழக்கு சொன்னது. மோப்ப நாய் வருவதற்காக வண்டியைக் கூடுதல் நேரம் நிறுத்திவைப்பது தவறு என்று 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கு சொன்னது. மறுபக்கம், 1984 முதல் 'நல்லெண்ணத் தவறு' போன்ற விலக்குகளும் விதியை அரித்து வந்திருக்கின்றன. பிரிட்டன் 1984-இன் காவல்துறைச் சட்டத்தில், விசாரணையின் நேர்மை கெடும் என்றால் சான்றை ஒதுக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தந்தது. தென்னாப்பிரிக்கா தன் 1996 சாசனத்திலேயே, உரிமையை மீறிப் பெற்ற சான்று விசாரணையின் நேர்மையைக் கெடுத்தாலோ நீதி நிர்வாகத்துக்குக் கேடு விளைவித்தாலோ விலக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்தது.

நமக்கு நெருக்கமான வழி கனடாவுடையது. அங்கே நீதிபதி மூன்றைப் பார்க்கிறார்: காவலரின் மீறல் எவ்வளவு கடுமையானது, அது அந்த நபரின் உரிமையை எவ்வளவு பாதித்தது, வழக்கை உண்மையின் அடிப்படையில் தீர்ப்பதில் சமூகத்துக்கு எவ்வளவு அக்கறை. 2009-இல் ஹாரிசன் வழக்கில் 35 கிலோ கொகெயின் பிடிபட்டது. வண்டியை நிறுத்தக் காரணமே இல்லை; அதிகாரியின் சாட்சியமும் நீதிமன்றத்தைத் திசைதிருப்பியது. கனடா உச்ச நீதிமன்றம் அந்த 35 கிலோவையும் சான்றிலிருந்து விலக்கியது. அளவு பெரிது என்பதால் மீறல் சிறிதாகிவிடாது என்ற துணிவு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

நம் நாட்டில் இந்த யோசனை புதிதல்ல. 1983-இல் சட்ட ஆணையம் தன் 94-ஆவது அறிக்கையில், சட்டவிரோதமாகப் பெற்ற சான்றை விலக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தரும் புதிய பிரிவைச் சான்றுச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. நாற்பதாண்டு கழித்துப் பழைய சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய சாக்‌ஷிய சட்டம் வந்தபோதும் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை.

எதிர்வாதத்தின் வலிமை

சான்றை விலக்குவதை மறுப்பவர்களின் கவலையை மதிக்கிறேன். பள்ளி வாசல்வரை போதைப்பொருள் வந்துவிட்டது. பிள்ளையை இழந்த தாய்க்கு முன்னால் நின்று, 'கடத்தல்காரனை நடைமுறைத் தவறால் விட்டுவிட்டோம்' என்று யாரால் சொல்ல முடியும்? காவலர் தவறினால் அவரைத் தண்டியுங்கள், பொருளை ஏன் மறைக்கிறீர்கள் என்பதும் நியாயமான கேள்வி.

பதில் இரண்டு. ஒன்று, தவறிய காவலரைத் தண்டிக்கும் வழி பெயரளவில்தான் இருக்கிறது. தொல்லை தரும் நோக்கில் சோதனை செய்யும் அதிகாரிக்குப் பிரிவு 58 சொல்லும் தண்டனை அதிகபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபக்கம் 20 ஆண்டு. இந்த வேறுபாடு யாரையும் தடுக்காது. இரண்டு, பொருள் உண்மையிலேயே அவரிடம் இருந்ததா என்பதே கேள்வியாக இருக்கும்போது, 'பொருள் கிடைத்ததே' என்று தொடங்குவது முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது. 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுமானப் பிரிவுகள் செல்லும் என்று சொன்னபோதே, அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வைத்தது. கைப்பற்றியதுதான் அந்த அடிப்படை உண்மை. அதை நம்புவதற்குச் சோதனை விதிகளைத் தவிர நம்மிடம் வேறு அளவுகோல் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, குற்றச்சாட்டு வனையும் முன் சோதனையின் செல்லுபடியை மட்டும் பார்க்கும் ஒரு குறுகிய விசாரணை வேண்டும். சோதனை நடத்திய அதிகாரியை அங்கேயே குறுக்கு விசாரணை செய்ய அனுமதிக்க வேண்டும்.

இரண்டாவது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சட்டத்தின் பிரிவு 105, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. கைபேசியே போதும். ஒவ்வொரு காவலர் கையிலும் கேமரா இருக்கும் காலத்தில், பதிவு இல்லாத சோதனையை நம்பத் தகாதது என்று அனுமானிப்பதே நியாயம். பதிவு ஏன் இல்லை என்று விளக்கும் சுமை அரசுத் தரப்பின் மேல் இருக்கட்டும். குடிமகன் மேல் அனுமானத்தை ஏற்றிய சட்டம், அரசின் மேலும் ஒன்றை ஏற்றினால் தராசு நேராகும்.

மூன்றாவது, பிரிவு 50-இன் பாதுகாப்பைப் பைக்கும் பெட்டிக்கும் நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும். அறிவிப்பு அந்த நபருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் இருக்க வேண்டும். ஒடியாவோ வங்காளமோ மட்டும் தெரிந்த புலம்பெயர் தொழிலாளியிடம் தமிழில் அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவது உரிமையை அறிவிப்பதாகாது.

நான்காவது, இவை அனைத்துக்கும் மேலாக, உச்ச நீதிமன்றம் பூரன்மல் தீர்ப்பைப் புட்டசாமியின் வெளிச்சத்தில் ஒரு பெரிய அமர்வில் மறுபடி படிக்க வேண்டும். எல்லா மீறலுக்கும் விடுதலை என்று நான் கேட்கவில்லை. தாளில் நேரம் தவறியதும், சாட்சியே இல்லாமல் இரவில் வீடு புகுந்ததும் ஒன்றல்ல. மீறலின் கடுமை, உரிமையின் பாதிப்பு, மற்றச் சான்றின் நம்பகம் ஆகிய மூன்றையும் எடைபோடும் ஒரு விதி போதும். அது இருந்தால் ஓர் அமர்வில் விடுதலை, இன்னோர் அமர்வில் பத்தாண்டு என்ற அதிர்ஷ்டச் சீட்டு நீதி முடிவுக்கு வரும்.

போதைப்பொருளுக்கு எதிரான போர் என்று அரசுகள் பேசுகின்றன. போரில்கூடச் சில விதிகள் உண்டு. இது போரும் அல்ல, சொந்தக் குடிமக்கள் மீது நடக்கும் குற்றப் புலனாய்வு. நேர்மையாகச் சோதனை செய்து, பதிவு செய்து, மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுத்து வரும் அதிகாரியின் வழக்கை எந்த வழக்கறிஞராலும் எளிதில் உடைக்க முடியாது. சோதனை விதிகளைச் சாசன உரிமையாக உயர்த்துவது அந்த அதிகாரியின் கையைத்தான் பலப்படுத்தும். அதனால் பலவீனப்படுபவர், பொட்டலத்தைத் தானே கொண்டுவரும் அதிகாரி ஒருவரே. அவரைப் பலவீனப்படுத்துவது அரசியல் சாசனத்தின் கடமை.